முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை: தர்மபுரி, கிருஷ்ணகிரி அகதிகளின் மருத்துவமும் நலத்திட்டங்களும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களின் பெயரைக் கேட்டால் அணைகளின் பெயரைக் கேட்பதுபோல இருக்கும். தும்பலஅள்ளி, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு. கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் ஊத்தங்கரைக்கு அருகே பாம்பாறு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி. 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது படகேறி வந்தவர்களை ராமேஸ்வரம் கரையிலிருந்து மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்து, பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004 பிப்ரவரியில்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்த மன்னார்க்காரர்கள் பலர் இப்படித்தான் கடலே இல்லாத இந்த மேட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

முகாம் இருக்கும் அணையோரம் ஊருக்கு வெளியே இருக்கிறது, மருத்துவமனை ஊருக்குள் இருக்கிறது. வாணியாறு ஏற்காடு மலையின் அடிவாரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். அங்கே ராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அரூர் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே முடியாவிட்டால் தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் சேலம். பக்கத்து ஊர் விவசாயிக்கும் இதே தூரம்தான். ஆனால் ஒவ்வொரு படியாக மேலே போகப் போக, முகாம்காரரிடம் கேட்கப்படும் காகிதம் வேறு.

அகதிகளுக்கான மருத்துவம், நலத்திட்டம் என்று பேச்சு வந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. எல்லாமே கொடுக்கிறார்களே என்பது ஒன்று, எதுவுமே கிடைப்பதில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே அரைகுறை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை அகதியைத் திருப்பி அனுப்புவதில்லை, நலத்திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக முகாமுக்கு வந்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவை ஆளுக்கு உரியவையாக இல்லாமல் முகாம் முகவரிக்கு உரியவையாக இருக்கின்றன. பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை கிடைக்கும். பெயர் நகர்ந்தால், மனிதர் அப்படியே இருக்க, உரிமை மட்டும் கழன்றுவிடும்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே ஓ.பி. சீட்டு போடுபவர் கேட்பது பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு என்பதுதான். எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை. காய்ச்சல் மாத்திரையோ, நாய்க்கடி ஊசியோ, குழந்தைக்குத் தடுப்பூசியோ எல்லாருக்கும் ஒன்றுதான். கிராம சுகாதார செவிலியர் முகாமுக்கும் வருகிறார். 108 ஆம்புலன்ஸ் அடையாள அட்டை பார்த்து ஏற்றுவதில்லை. சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் வந்த ஏற்பாடும் மருத்துவத்தோடு சேர்ந்ததுதான். மாதாமாதம் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகிற அம்மாவுக்குப் பேருந்துக்காசு ஒரு பெரிய தடையாக இருந்தது.

வீடு தேடி மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் இதில் அடக்கம். முகாம் மாதிரி நெருக்கமான குடியிருப்புக்கு இது பொருத்தமான திட்டம். 1990இல் முப்பது வயதில் வந்தவர் இப்போது அறுபத்தைந்தைத் தொட்டோ தாண்டியோ இருப்பார். வண்ணம் பூசியும் கல் உடைத்தும் தேய்ந்த உடம்பு, முதுமையோடு வரும் நோய்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இந்தத் தலைமுறைக்கு வேண்டியது தினமும் விடாமல் மாத்திரை, மாதம் ஒருமுறை ஒரு பார்வை. அதற்கு முகாம் வாசலுக்கே ஆள் வருவது பெரிய விஷயம்.

பிரசவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதச் சங்கிலி அங்கேதான் தொடங்குகிறது. கர்ப்பம் உறுதியானதும் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் சிரமமில்லாமல் நகரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முகாம் தாய்மாருக்கும் உண்டு. ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாய், இரண்டு பிரசவம் வரைக்கும். பணம் வங்கிக் கணக்குக்குத் தவணையாக வரும். இதில் அடிக்கடி இடறுவது பெயர்தான். முகாம் பதிவேட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. இலங்கையில் வைத்த பெயரை மண்டபத்தில் அவசரமாக எழுதிக்கொண்டவர் ஒருவர், பிறகு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவர் இன்னொருவர். நம் ஊர்க்காரருக்கும் இந்தத் தொல்லை உண்டுதான். ஆனால் நம்மவர் பள்ளிச் சான்றிதழையோ வாக்காளர் அட்டையையோ காட்டித் திருத்திக்கொள்வார். வாக்காளர் அட்டை இல்லாதவருக்கு ஒவ்வொரு திருத்தமும் முகாம் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், ஆட்சியர் அலுவலகத் தனிப்பிரிவு என்று சுற்றி வர வேண்டிய வேலை. அதற்குள் குழந்தை நடக்கத் தொடங்கிவிடும்.

பிறப்புச் சான்றிதழ் யாருக்கும் மறுக்க முடியாதது. இங்கே நடக்கும் எல்லாப் பிறப்பும் பதிவாக வேண்டும் என்றுதான் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. தர்மபுரியில் பிறந்தது என்பதற்கு அது அசைக்க முடியாத சான்று. ஆனால் குடியுரிமைக்கு அது மட்டும் போதாது. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழியாகத்தான் தன் குடியுரிமையை நிலைநாட்டினார். இந்த மாவட்டங்களின் அணையோர முகாம்களில் பிறந்தவர்களோ 1990க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

அடுத்த படி காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவுகிறது. பொதுவாக ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு அந்த வருமான வரம்பே கிடையாது. இது நல்ல ஏற்பாடு, மனம் நிறைந்து சொல்ல வேண்டிய ஏற்பாடு. இதய அறுவை சிகிச்சையும் டயாலிசிசும் புற்றுநோய் சிகிச்சையும் ஒரு கூலிக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன என்றால் இதனால்தான்.

சரி, நடைமுறையில் எப்படி? தொப்பூர்க் கணவாயில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் லாரிகள் மோதுவது நமக்குப் புதிதில்லை. வேலை முடிந்து பைக்கில் வரும் முகாம் பெயிண்டர் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிகிறது. முதல் 48 மணி நேரம் கவலை இல்லை. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும் எந்த நாட்டவரானாலும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் இலவச சிகிச்சை உண்டு. அதற்குப் பிறகு காப்பீட்டு வார்டு மேலாளர் மேசைக்கு வருவார்: அட்டை இருக்கிறதா, எண் என்ன, குடும்பப் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதா? இருந்தால் முன் அனுமதி கேட்டுக் கணினியில் ஏற்றுவார்கள், வேலை நடக்கும். அட்டை எடுத்தபோது இவர் வேலைக்காக வேறு ஊரில் இருந்திருந்தால்? கல்யாணமாகி வேறு முகாமிலிருந்து வந்த மனைவியின் பெயர் இன்னும் பழைய முகாமிலேயே இருந்தால்? படுக்கையில் ஆள் கிடக்க, அண்ணனோ மச்சானோ ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்கு ஓட வேண்டும். முகாமுக்கு முகாம் பெயர் மாற்றுவது அனுமதி வாங்கிச் செய்யும் காரியம். அது நடந்து முடியும்வரை ஒரு புதுமணப் பெண் இரண்டு பதிவேடுகளுக்கு நடுவில் நிற்கிறாள். நலத்திட்டம் முழுவதிலும் எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஓட்டை இதுதான். காசு செலவில்லாமல் ஓர் உத்தரவிலேயே அடைக்கக்கூடிய ஓட்டை இது.

காப்பீடு எதைத் தராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையில் சேராமல் தனியாரிடம் பார்த்துக்கொள்ளும் மருத்துவம், வெளியே எழுதித் தரும் மாத்திரை, கூட இருப்பவரின் சாப்பாடு, போக்குவரத்து, இழந்த கூலி. இவை எதுவும் அதில் வராது. நோய் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளால்தான்.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, பலருக்கு அது உறைப்பதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., கூலிக்கு வேலை செய்யும் எவரையும் தொழிலாளியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் இத்திட்டத்தின் கீழ் வந்தால், தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். கெலவரப்பள்ளியிலிருந்து சிப்காட் தொழிற்சாலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் போகும் இளைஞருக்கும் இது பொருந்தும். இந்த உரிமை முகாம் பதிவேட்டைச் சார்ந்தது இல்லை, வேலையைச் சார்ந்தது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் கேட்பது, அவருடைய குடும்பம் முழுவதற்கும் பயன் தரும். வண்ணம் பூசுவோர், கட்டட வேலைக்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. முகாம் ஆண்களில் பலரும் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த இரு மாவட்டங்களின் ஆரோக்கியத்தைப் பேச முடியாது. இங்கே பாறைக்குள் இருக்கும் ஃப்ளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை, ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேல் முகாம் மக்களும் அதே மண்ணின் நீரைத்தான் குடித்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் இருக்கும் கறை முகாமில் வளர்ந்த பிள்ளைகளின் பல்லிலும் இருக்கும். இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்பவருக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மனம். குண்டுவீச்சையும் படகுப் பயணத்தையும் கண்டவர்கள் ஒரு பக்கம். அதை எதையும் காணாமல், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறையோடு படுத்து எழுந்து, படித்த படிப்புக்கு ஏன் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது என்று கேட்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனையில் இருக்கிறார். 104 எண்ணில் கூப்பிட்டால் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் இந்த இளைஞரின் மனச்சோர்வுக்கு மருந்தில் பாதி அந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. அது மருத்துவர் கையில் இல்லை. முகாம்களுக்குள் சுகாதாரத் தொண்டர்களைப் பயிற்றுவித்ததில், 1984இல் சந்திரஹாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முகாம் மக்களே முகாம் மக்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த வழி மனநலத்துக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

நலத்திட்டங்களுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 27இல் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டப்பேரவையில் 317.40 கோடி ரூபாய்க்கான அறிவிப்பை வெளியிட்டார். 'அகதிகள் முகாம்' என்பது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனதும் அந்தச் சமயத்தில்தான். மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்ந்தது. கணவன், மனைவி, பத்தாம் வகுப்புப் பையன், மூன்றாம் வகுப்புப் பெண் இருக்கும் வீட்டுக்கு மாதம் 4,000 ரூபாய். கிலோவுக்கு 57 பைசா என்று வாங்கிவந்த அரிசி விலை நீக்கப்பட்டது. எரிவாயு இணைப்பும், ஆண்டுக்கு ஐந்து சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியமும் சேர்ந்தன. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டும் பணியும் தொடங்கியது. முதியோர், ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2011லேயே முகாம்களுக்கு நீட்டிக்கப்பட்டுவிட்டது. மகளிர் உரிமைத்தொகையும் பிறகு முகாம் குடும்பத் தலைவிகளுக்கு வந்தது.

இவையெல்லாம் மருத்துவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அரிசியும் சிலிண்டரும் இருந்தால்தான் சர்க்கரை நோயாளி நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட முடியும். ஒழுகாத கூரை இருந்தால்தான் பிள்ளைகளுக்குச் சளி நெஞ்சில் கட்டாமல் இருக்கும். புது வீடு கட்டுவதை மருத்துவச் செலவாகவே கணக்கில் வைக்கலாம் என்பேன்.

இதற்குப் பக்கத்திலேயே ரோல்கால் இருக்கிறது. முகாமில் இருப்பவர்களை அதிகாரிகள் நேரில் வந்து கூப்பிட்டுச் சரிபார்க்கும் நாள். அன்றைக்கு இல்லாவிட்டால் பணக்கொடை நிற்கலாம், தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவே போய்விடலாம். கூலி வேலை இருக்கும் ஊருக்குப் போய்த் தங்கினால் நல்ல சம்பளம், ஆனால் முகாமில் பெயர் ஆபத்தில். முகாமிலேயே இருந்தால் பெயர் பத்திரம், ஆனால் அணையோரத்தில் வேலை கிடையாது. சேலத்தில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் படுத்திருப்பவரும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளும்கூட முன்கூட்டியே சொல்லிவிட்டு, வந்ததும் மருத்துவமனை வெளியேற்றச் சீட்டைக் காட்டிக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கெடுபிடி எதற்கு என்பதே என் கேள்வி. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிந்தைய சந்தேகக் காலத்தில் இறுக்கப்பட்ட முறைகள் இன்று நோயாளியின் காலைக் கட்டுகின்றன.

முகாமுக்கு வெளியே இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 2021 கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே காவல் நிலையங்களில் பதிந்து வாழ்பவர்கள் 34,087 பேர். வெளிப்பதிவில் இருப்பவர்களுக்குப் பணக்கொடை, அரிசி, வீடு எதுவும் இல்லை. வசதி உள்ளவர்கள்தானே வெளியே இருக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னது இன்று பொருந்தாது. முகாமில் இடம் போதாமல் வெளியேறியவர்களும் கூலி வேலைக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசு மருத்துவமனைக் கதவு திறந்திருக்கிறது. காப்பீடு கேட்டால் குடும்ப அட்டை வேண்டும், குடும்ப அட்டைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால், அவர் தங்கையின் வீடு முகாமுக்குள் இருப்பதால் தங்கைக்குக் கிடைப்பது இவருக்குக் கிடைக்காது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே படகில் வந்தவர்கள்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் அரசாணைகளில் நிற்கின்றன, அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பொது உதவியிலும் சமூகப் பாதுகாப்பிலும் அகதியைக் குடிமகனுக்கு நிகராக நடத்தச் சொல்லும் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால் உடல்நல உரிமையை எல்லாருக்கும் ஏற்கும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தது. அரசமைப்பின் 21ஆவது பிரிவு 'குடிமகன்' என்று சொல்லாமல் 'எந்த நபரும்' என்று சொல்கிறது. அருணாசலப் பிரதேசச் சக்மாக்களின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ரயிலிலிருந்து விழுந்து கொல்கத்தாவில் மருத்துவமனை மருத்துவமனையாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அந்த 21ஆவது பிரிவையே மீறுவது என்று தீர்ப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அகதியின் உயிர்காக்கும் சிகிச்சைக்கு அரசமைப்பே துணை. ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் அவ்வளவு உறுதியான துணை இல்லை, ஆணை மாறினால் அவையும் மாறும்.

2025 செப்டம்பரில் ஒரு சிறு நகர்வு நடந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. முகாம்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் அந்த விலக்கு குடியுரிமை தரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

டெல்லி முடிவெடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கின்றன. காவல் நிலையப் பதிவுச் சான்றைக் காட்டினாலே வெளிப்பதிவு அகதிக்கும் காப்பீட்டு அட்டை கொடுக்க மாநில அரசால் முடியும், பணம் கட்டுவது மாநிலம்தான். கல்யாணத்தாலோ வேலையாலோ முகாம் மாறும்போது, புதுப் பெயர்ப் பதிவு முடியும்வரை பழைய அட்டையே செல்லும் என்று ஒரு வரி ஆணை போதும். மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டை ரோல்காலுக்கு வருகையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஆதார், வங்கி, பதிவேடு மூன்றிலும் பெயரை ஒன்றாக்கும் சிறப்பு முகாமைத் தும்பலஅள்ளியிலோ பாம்பாற்றிலோ ஆட்சியர்கள் ஒரு சனிக்கிழமை நடத்திவிடலாம். அதுவரை, இதைப் படிக்கும் செவிலியர்களும் காப்பீட்டு மேசைக்காரர்களும் இ-சேவை மையம் நடத்துபவர்களும் ஒன்றை நினைவில் வைத்தால் நல்லது: முகாம் அடையாள அட்டையோடு வருபவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை.